பதினேழு குறைகள்

விளாதிவஸ்தோக்
1945 அக்டோபர் 14

மதிப்பிற்குரிய ஓரின் ஹாஸ்லெட் அவர்களுக்கு,

உங்கள் நாடு இரவலாகக் கொடுத்த போர்க்கப்பல் பத்திரமாக வந்து சேர்ந்தது. நாங்களும் வந்து சேர்ந்தோம். இந்த வரிசையில் சொன்னால்தான் உங்களுக்கு நிம்மதி என்று எனக்குத் தெரியும். அலாஸ்காவில், கோல்ட் பே துறைமுகத்தில், உங்கள் கொடியை இறக்கி எங்கள் கொடியை ஏற்றினார்களே, அப்போது நீங்கள் இரண்டு கொடியையும் பார்க்கவில்லை. புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பும் அப்பா மாதிரி இருந்தது.

கவலை வேண்டாம். நாற்பது நாள் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த இஞ்சின், வழியில் அடித்த புயலில் ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை. நாங்கள் காம்சத்காவைத் தாண்டுவதற்குள் ஜப்பானுடன் சண்டையே முடிந்துவிட்டது. பீரங்கிகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம், எங்களுக்கு இல்லை.

போர்க்காலத்தில் உங்கள் ஊர் கோதுமை மாவையும் டப்பாவில் அடைத்த கறியையும் ஏற்றிவரச் சரக்குக் கப்பலில் போர்ட்லாண்டுக்கு வந்து வந்து உங்கள் மொழியைப் பழகியவன் நான். மற்றவர்கள் ஒற்றை வார்த்தையில் நன்றி சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. ‘ரஷ்யர்களுக்குத் தேவையானதை மட்டும் சொல்லிக்கொடு’ என்று உங்கள் மேலதிகாரி சொன்னபோது நீங்கள் சரி சார் என்றீர்கள். பிறகு கீழே வந்து, வரைபடங்கள் அத்தனையையும் சாப்பாட்டு மேசையில் விரித்து, ‘எல்லாமே தேவைதான்யா’ என்றீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

கை ஆறிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் முழுதாக மடங்காது. என் மனைவி ஸோயா கேட்டாள். அமெரிக்க சூப்பில் சூடு அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாம் பேசிக்கொண்டபடி வேறு யாருக்கும் எதுவும் தெரியாது.

நன்றியுடன்,
யெஃபிம் லூகிச் கொரோட்டாயெவ்
கப்பல் மெக்கானிக்


பிரெமர்டன், வாஷிங்டன் மாநிலம்
1946 பிப்ரவரி 3

யெஃபிம் லூகிச்!

பார்த்தாயா, அப்பா பெயரையும் சேர்த்து எழுதிவிட்டேன். உங்கள் ஊரில் அதுதான் மரியாதை என்று நீதானே சொன்னாய். ஆனால் இந்த ‘மதிப்பிற்குரிய’, ‘அவர்களுக்கு’ எல்லாம் என்னிடம் வேண்டாம். நாற்பது நாள் ஒரே அழுக்குத் துணியில் கை துடைத்தவர்கள் நாம். நீ என்றே எழுது.

நான் இப்போது இங்கே கடற்படைத் தளத்தில், திரும்பி வந்த கப்பல்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். என் மனைவி ஆர்டித், போர் முடிந்த பிறகும் நான் வீட்டுக்கு எண்ணெய் நாற்றத்தோடுதான் வருகிறேன் என்று குறைப்படுகிறாள். உன்னைப் பற்றி அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். மனைவி கணக்கில் வராது, கோபித்துக்கொள்ளாதே.

அவளிடம் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. ‘குளிர்ந்த குழாயில் தண்ணீர் நிற்கும், முதலில் அதை வடித்துவிட்டுத்தான் நீராவியைத் திறக்க வேண்டும்’ என்று உங்கள் ஆட்களுக்கு நூறு முறை பாடம் எடுத்தவன் நான். அந்த வியாழக்கிழமை, வேகமாகச் செய்து காட்டுகிறேன் பேர்வழி என்று, வடிக்காமல் திறந்தவனும் நானே. குழாய் இணைப்பு வெடித்து நீராவி என் மேல் பாய்ந்தபோது நீ ஓடிப்போயிருக்கலாம். மற்ற எல்லோரும் ஓடினார்கள், அதுதான் புத்தி. நீ வெறுங்கையால் வால்வை மூடிவிட்டு, என்னைக் காலரைப் பிடித்து ஏணி வரை இழுத்து வந்தாய். அப்புறம் ‘ரப்பர் பழசு, தானா விட்டுடுச்சு’ என்று எல்லோரிடமும் சொன்னாய். பதிவேட்டில் இன்றும் அந்த ரப்பர்தான் குற்றவாளி.

உயிரையும் காப்பாற்றி, பெயரையும் காப்பாற்றிய ஒருவனுக்கு நான் என்ன செய்தேன்? இரண்டு பாக்கெட் சிகரெட் கொடுத்தேன். எங்கள் கடற்படையில் ஒரு வழக்கம் இருக்கிறது: நல்ல காரியம் செய்தவனைப் பற்றி அவனுடைய மேலதிகாரிக்கு நற்சான்றுக் கடிதம் எழுதுவது. அது அவன் கோப்பில் போய்ச் சேரும், பதவி உயர்வுக்கு உதவும். எழுதலாம் என்று நினைக்கிறேன்.

இங்கே காற்று கொஞ்சம் மாறித்தான் வீசுகிறது. நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் உங்கள் சிப்பாயும் எங்கள் சிப்பாயும் தோளில் கை போட்டு நிற்கும் படம் ஒன்று மாட்டியிருந்தார்கள். போன வாரம் போனால் அந்த ஆணியில் தூண்டில் கம்பெனி காலண்டர் தொங்குகிறது. நாற்காலியில் இருந்தபடியே ஏன் என்று சண்டை பிடித்தேன். ‘காலண்டர்னா தேதியாவது பாக்கலாம்ல’ என்றான் அந்த ஆள்.

உன்
ஓரின்


விளாதிவஸ்தோக்
1946 செப்டம்பர் 8

அன்புள்ள ஓரின்,

நீ என்றே எழுதுகிறேன். இரண்டு நாள் பழக வேண்டியிருந்தது.

உன் கடிதம் வந்து சேர ஆறு மாதம் ஆனது. உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவர் நல்ல வேலைக்காரர், ஓரம் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அவருக்கும் என் வணக்கம்.

கப்பல் நலம். வால்வுகளில் நீங்கள் மாட்டியிருந்த ஆங்கிலப் பித்தளைத் தகடுகளை எல்லாம் கழற்றிவிட்டு எங்கள் எழுத்தில் புதிது மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன். புதிதாக வந்திருக்கும் மெக்கானிக்குகள் நல்ல பிள்ளைகள், ஆனால் இஞ்சினில் ஏதாவது கோளாறு என்றால் ‘வேணும்னே கெடுத்துக் குடுத்திருக்காங்க’ என்கிறார்கள். எண்ணெய் போட மறந்ததையும் உங்கள் நாட்டின் மேல்தான் எழுதுகிறார்கள். நான் பேசாமல் எண்ணெய் போடுகிறேன்.

நற்சான்றுக் கடிதம் பற்றி. ஓரின், வேண்டாம். எங்கள் அதிகாரிகளுக்கு என்னைப் பற்றி எதுவும் எழுதாதே. கெட்டது மட்டும் இல்லை, நல்லதும் வேண்டாம். நான் செய்ததற்கு நீ உயிரோடு இருப்பதே போதும். ஒருநாள் காலை ஆர்டித் உன் சட்டையைத் துவைத்துக்கொண்டே உன்னைத் திட்டுவாள் அல்லவா, அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அந்தத் திட்டு நான் கொடுத்தது.

இனி மீனைப் பற்றி எழுதுவோம். இந்த வருஷம் இங்கே ஹெர்ரிங் மீன் நிறைய. வானிலையைப் பற்றி எழுதுவோம். ஸோயாவுக்குப் பல்வலி, உங்கள் ஊரில் கிராம்புத் தைலம் கிடைத்தால் அதைப் பற்றியும் எழுதலாம்.

உன்
யெஃபிம்


பிரெமர்டன்
1947 ஜனவரி 19

யெஃபிம்,

கூச்சப்படுகிறாய் என்று தெரியும். நல்ல வேலைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான், பாராட்டு என்றால் ஓடி ஒளிவார்கள். அதனால் உன் பேச்சைக் கேட்கவில்லை.

எழுதிவிட்டேன். உங்கள் கடற்படை மேலிடத்துக்கு, முறைப்படி, உங்கள் தூதரகம் வழியாக. ஆர்டித் டைப் அடித்தாள். விபத்து என் தவறு என்று ஒளிக்காமல் சொன்னேன். அப்பாடா, ஒன்றரை வருஷமாகத் தொண்டையில் முள் மாதிரி இருந்தது. பிறகு உன்னைப் பற்றி: ‘மெக்கானிக் கொரோட்டாயெவ் என் உயிரைக் காத்தார். என் பெயர் கெடக்கூடாது என்று உண்மைக் காரணத்தைத் தன் அதிகாரிகளுக்குச் சொல்லாமல் விட்டார். என்னிடம் எதையும் மறைக்காத மனிதர். அமெரிக்கர்களுக்கு இவரைவிட உண்மையான நண்பர் உங்கள் கடற்படையில் இல்லை.’

கடைசி வரி ஆர்டித் சொன்னது. நன்றாக இருக்கிறது, இல்லையா?

பதக்கம் வந்ததும் எழுது. கிராம்புத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஓரின்


விளாதிவஸ்தோக்
1947 ஜூன் 2

குடிமகன் ஓ. ஹாஸ்லெட் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கும் விபத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. தங்களுடன் எனக்கு இருந்த தொடர்பு பணி சார்ந்தது மட்டுமே. அது கப்பல் ஒப்படைக்கப்பட்ட நாளோடு முடிந்தது. அனுப்பிய பொட்டலம் திருப்பி அனுப்பப்படுகிறது. எனக்கோ என் மேலதிகாரிகளுக்கோ இனிமேல் கடிதம் எழுத வேண்டாம்.

யெ. லூ. கொரோட்டாயெவ்


பிரெமர்டன்
1947 ஜூலை 20

கொரோட்டாயெவ்,

பொட்டலம் வந்தது. கிராம்புத் தைலம்கூட உங்களுக்கு ஆகாமல் போய்விட்டது.

நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றால் சிரிப்பாய். பரவாயில்லை, சிரி. எங்கள் கப்பல், எங்கள் மாவு, எங்கள் கறி எல்லாம் இனித்தது. இப்போது ‘தொடர்பு முடிந்தது’. முடி வெட்டும் கடையில் அந்த ஆள் படத்தைக் கழற்றியபோது உனக்காகச் சண்டைக்குப் போனேன். அவனிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

கையால் எழுதியிருக்கிறாய். டைப் அடித்திருந்தால்கூட வேறு யாரோ எழுதியது என்று நம்பியிருப்பேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியும். அதுதான் வலிக்கிறது.

நீ கேட்டபடி, இதுதான் கடைசி.

ஹாஸ்லெட்


பிரெமர்டன்
1948 நவம்பர் 6
(அனுப்பாதது)

யெஃபிம்,

இதை அனுப்பப் போவதில்லை. அனுப்பக்கூடாது என்று இப்போதுதான் புரிந்தது. அதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, நீ ஒரே வரியில் சொல்லியிருந்தாய்.

போன வாரம் என்னை ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் உளவுத்துறை ஆட்கள், சட்டையில் சுருக்கமே இல்லாத இரண்டு பேர். உங்கள் தூதரகத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல் அவர்களிடம் இருந்தது. உன் கடிதங்களைக் கேட்டார்கள். மறைக்க என்ன இருக்கிறது என்று நானே வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன்.

“இவன் உங்ககிட்ட என்னல்லாம் கேட்டான்?”

பல்வலிக்குத் தைலம் கேட்டான் என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

“ஒரு ரஷ்யன் உங்க உயிரை ஏன் காப்பாத்தணும்?”

“நான்தான் அப்பப் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்” என்றேன். வேறு என்ன சொல்ல? அதையும் எழுதிக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில் எங்கள் தளபதி ‘நம்ம ரஷ்ய சகோதரர்கள்’ என்று பேசினார்; நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம். இப்போது பெர்லினில் உங்கள் ஆட்கள் சாலையை அடைத்திருக்கிறார்கள், எங்கள் ஆட்கள் விமானத்தில் நிலக்கரி கொண்டுபோகிறார்கள், நான் இங்கே தைலத்துக்கு விளக்கம் கொடுக்கிறேன்.

பிறகு ஒருவர் உன் கடிதத்தில் விரலை வைத்து, “‘நல்லதும் வேண்டாம்’னு எழுதியிருக்கானே, எதுக்கு அப்படி எழுதினான்?” என்றார். கூச்சம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் நாற்காலியில் உன்னை உட்காரவைத்துப் பார்த்தேன், யெஃபிம். ‘எதையும் மறைக்காத மனிதர்.’ ‘உண்மையான நண்பர்.’ ஒவ்வொரு வரியாக அவர்கள் உன்னிடம் படித்துக் காட்டியிருப்பார்கள். அதை நான் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், காப்பி குடித்துக்கொண்டே எழுதினேன்.

நீ என்னிடம் கடற்படை ரகசியம் கேட்டாய் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து என் பெயர் போய்விட்டது. வேலை இருக்கிறது. உனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை.

உன் கடைசிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து உன்னுடையதுதான். எப்படிப்பட்ட மேசையில் வைத்து எழுதியிருப்பாய் என்று முன்பு யோசிக்கவே இல்லை.

ஓரின்


யோகோசுகா, ஜப்பான்
1949 நவம்பர் 11
(அனுப்பாதது)

யெஃபிம்,

போரின்போது கொடுத்த இரவல் கப்பல்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று எங்கள் அரசாங்கம் கேட்டு, உங்கள் அரசாங்கம் இழுத்து, கடைசியில் கொண்டுவந்து விடுகிறார்கள். இந்த வகை இஞ்சின் தெரிந்தவன் என்று என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள், பார்த்து வாங்குவதற்கு. நாளைக்கு வருவது நம்முடைய கப்பல். கொண்டுவரும் ஆட்களின் பட்டியலை இன்று மதியம் கொடுத்தார்கள். உன் பெயர் இருக்கிறது. உயிரோடு இருக்கிறாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கடைப்பு என்று சொன்னேன்.

எங்கள் லெப்டினன்ட் நல்ல பையன், ஆனால் அவனுக்கு உத்தரவு இருக்கிறது. “ஒரு ஓட்டை விடாம எழுதுங்க சீஃப். அவங்க எப்படி நாசம் பண்ணி வச்சிருக்காங்கன்னு பேப்பர்ல வரணும்.”

அறிக்கையில் கையெழுத்து என்னுடையது. இஞ்சின் மோசம் என்று எழுதினால் பொறுப்பாளன் நீ. உன் தலை உருளும். இஞ்சின் அருமை என்று எழுதினால் உன்னை ஒருமுறை பாராட்டி என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். உண்மையை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

நாளைக்கு உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது. அதற்குத்தான் மதியத்திலிருந்து கண்ணாடி முன் பழகிக்கொண்டிருக்கிறேன். மற்றது எதுவும் தோன்றவில்லை.

ஓரின்


1950 மார்ச் 5

ஓரின்,

இதைக் கொண்டுவருபவர் ஒரு டென்மார்க் கப்பலின் இஞ்சினியர். ஜப்பானில், கோபே துறைமுகத்தில் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பெயர் கேட்கவில்லை, அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. இதை யாரும் பிரித்து ஒட்டப்போவதில்லை, அதனால் முதல் தடவையாக உனக்கு நிஜமாக எழுதுகிறேன்.

உன் நற்சான்று வந்த பிறகு என்னைக் கப்பலில் இருந்து இறக்கினார்கள். நாற்பத்தேழு ஜூன் கடிதம் அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஊர்ப் பொதுக் குளியலறையில் கொதிகலனுக்குக் கரி தள்ளினேன். ஜன்னலில் இருந்து துறைமுகம் தெரியும். கடலுக்குப் போக முடியாத மெக்கானிக்குக்கு அந்த ஜன்னல் இல்லாமல் இருந்திருக்கலாம். உன்மேல் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கரி தள்ளும்போது உன் பெயரைச் சொல்லிச் சொல்லித் தள்ளியிருக்கிறேன். ஆனால் கோபம் வரும்போதெல்லாம் அந்த வரைபடங்கள் விரித்த மேசையும் கூடவே வந்துவிடும். அதற்கப்புறம் என்னால் சரியாகக் கோபப்பட முடியாது.

போன செப்டம்பரில் கூப்பிட்டு அனுப்பினார்கள். கப்பல் தன் இஞ்சினிலேயே ஜப்பான் போய்ச் சேர வேண்டும், புதுப் பிள்ளைகளால் முடியவில்லை. கப்பலைத் திருப்பி ஒப்படைக்கும் கமிஷனின் தலைவர் தெளிவாகச் சொன்னார்: “பெரிய பழுதுன்னு அமெரிக்கக்காரன் எழுதினா அது நாசவேலை, உன் பேர்ல. உன்னைப் புகழ்ந்து எழுதினா உன் ஃபைல்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, ரெண்டாவதும் சேர்ந்துடும். பாத்துக்கோ.” நான் எதைப் பார்த்துக்கொள்வது? ஆறு வாரம் இஞ்சினைப் பார்த்துக்கொண்டேன்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி காலை ஏணியில் உன் காலைப் பார்த்தேன். முகம் வருவதற்கு முன்பே நீதான் என்று தெரிந்துவிட்டது. எங்கள் தலைவர் நோட்டுப் புத்தகத்தோடு என் பக்கத்தில், உங்கள் லெப்டினன்ட் உன் பக்கத்தில், நடுவில் மொழிபெயர்ப்பாளர். செத்தேன் என்று நினைத்தேன். நீ சிரித்திருந்தால் செத்திருப்பேன்.

நீ கைப்பிடியில் விரலைத் தேய்த்து, அந்த விரலை லெப்டினன்ட்டிடம் காட்டி, “இது என்னய்யா, இஞ்சின் ரூமா, கோழிக் கூண்டா?” என்றாய்.

எனக்கு முதலில் புரியவில்லை, ஓரின். நிஜமாகவே வலித்தது. விளக்குக்குக் கம்பிக் கூடு இல்லை என்றாய். ஏணியில் மூன்றாம் படிக்குப் பெயிண்ட் போயிருக்கிறது என்றாய். எண்ணெய்க் குவளைக்கு மூடி எங்கே என்று கத்தினாய். நாலு கடலைத் தாண்டிய இஞ்சின் உன் முன்னால் நிற்கிறது, நீ குவளைக்கு மூடி தேடுகிறாய். பிறகு ஒவ்வொரு பேரிங்காக, திருப்புளியின் ஒரு முனையை அதன்மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, ஓடும் சத்தத்தை முக்கால் மணி நேரம் கேட்டாய். எல்லோரும் காத்திருந்தோம். எழுந்து, “ஓடுது” என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி பெயிண்டுக்குப் போய்விட்டாய்.

அப்போதுதான் புரிந்தது. அதற்கப்புறம் எனக்கும் வாய் வந்துவிட்டது. “நாலு வருஷம் ஓட்டின கப்பல் கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்கும்? இந்தாளுக்குக் குறை வேணும்னா வீட்ல போய்க் கண்ணாடியைப் பாக்கச் சொல்லுங்க” என்றேன் எங்கள் மொழியில். எங்கள் மாலுமிகள் சிரித்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் பாவம், திணறினார். நீ முகம் சிவக்கக் கத்தினாய். நானும் கத்தினேன். நாற்பது நாள் நாம் வேலை செய்தபோதுகூட இவ்வளவு நேரம் பேசிக்கொண்டதில்லை.

உன் அறிக்கையின் நகலை எங்கள் தலைவர் திரும்பும் வழியெல்லாம் படித்துப் படித்துச் சந்தோஷப்பட்டார். பதினாறு அற்பக் குறைகள். பதினேழாவது: ‘பொறுப்பு மெக்கானிக் திமிர் பிடித்தவர், மரியாதை தெரியாதவர். இவருடன் இனி எந்தப் பணியும் வேண்டாம்.’ அதை அவர் என் கோப்பில் முதல் பக்கத்தில் வைத்துவிட்டார். உன் பழைய நற்சான்று அதற்கு அடியில் போய்விட்டது. அமெரிக்கனே வெறுக்கும் ஆளை எவ்வளவு நாள் குளியலறையில் வைத்திருப்பது? ஜனவரியில் இருந்து நான் மறுபடி கடலில் இருக்கிறேன். மீன்பிடிக் கப்பல்தான், ஆனால் கடல். ஸோயா அன்றைக்கு அழுதாள். நானும் அழுதேன்.

நன்றி, ஓரின். நற்சான்றுக்கும்தான். அது என்னை எங்கே கொண்டுபோனாலும், ஒரு மனிதன் என்னைப் பற்றி அப்படி நினைத்தான் என்பது எழுத்தில் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய நன்றி அந்த ஒரு மணி நேரத் திட்டுக்கு. இந்த நாலு வருஷத்தில் என்னிடம் யாரும் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

இதற்குப் பதில் எழுதாதே. நாம் இனிப் பார்க்கப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். யாராவது என்னைப் பற்றி உன்னிடம் கேட்டால் மோசமாகச் சொல், தயங்காதே. நானும் உன்னைப் பற்றி எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். நேற்றுக்கூடச் சொன்னேன்.

யெஃபிம்